அணியின் பெயரை மறந்துவிட்டுப் பாட்டைப் பாருங்கள்

கேள்வி இது: "என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அணிகளின் இலக்கணம் எல்லாம் மனப்பாடம். ஆனால் புத்தகத்தில் இல்லாத ஒரு பாடலைக் கொடுத்து 'இது என்ன அணி' என்று கேட்டால் விழிக்கிறாள். எப்படிப் புரியவைப்பது? அதைவிட, இந்தக் காலத்தில் இதைப் படித்து என்ன ஆகப்போகிறது?"

உங்கள் மகள் விழிப்பதில் அவள் தப்பு எதுவும் இல்லை. பல வருடம் தமிழ் வகுப்பு எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நாங்கள் சொல்லிக்கொடுக்கும் வரிசைதான் தலைகீழ். முதலில் பெயர், பிறகு இலக்கணம், கடைசியில் ஒரே ஒரு எடுத்துக்காட்டு. ஊருக்குப் புதிதாக வந்தவன் கையில் வாக்காளர் பட்டியலைக் கொடுத்து, ஆளை அடையாளம் காட்டு என்பது போன்ற வேலை இது. பெயர் தெரியும், முகம் தெரியாது.

அதனால் பெயர்களைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருக்கும் தெருவுக்குப் போவோம். மருமகள் எட்டு மணிக்கு எழுந்து வருகிறாள். மாமியார் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திண்ணையில் சுருண்டு கிடக்கும் பூனையைப் பார்த்து, "தூங்கு, நல்லாத் தூங்கு. உனக்கென்ன, வடிச்சுக் கொட்ட நான் ஒருத்தி இருக்கேன்ல" என்கிறார். அதில் பூனைக்கென்று ஒரு சொல்லும் இல்லை. ஆனால் மருமகள் சண்டைக்கு வந்தால், "நான் பூனையைத்தானே சொன்னேன், உனக்கு ஏன் உறைக்குது?" என்று கேட்டுவிடலாம். ஊரில் இதற்குச் சாடை பேசுவது என்று பெயர். புத்தகத்தில் பிறிது மொழிதல் அணி. தண்டியலங்காரம் இதை ஒட்டு என்கிறது. மனதில் நினைத்ததை மறைத்து, அதற்கு ஒத்த வேறொன்றை மட்டும் சொல்வது. உங்கள் மகளுக்கு இது பிறந்ததிலிருந்து தெரியும், பெயர்தான் தெரியாது.

இந்தப் பூனைக் காட்சியில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் மேடையில், ஒருவர் திரைக்குப் பின்னால். சொல்லின் ஓசையில் அல்லாமல் பொருளில் அழகு இருக்கும் பொருளணிகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடிக்க இந்த ஒரு கணக்கு போதும். பாட்டில் எந்த இரண்டு பொருள்கள் சம்பந்தப்படுகின்றன? இரண்டும் வெளியே தெரிகின்றனவா, ஒன்று ஒளிந்திருக்கிறதா?

இதற்குத் திருக்குறள் ஒன்றே போதும். "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை." நிலமும் தெரிகிறது, பொறுமை உள்ளவனும் தெரிகிறான், நடுவில் 'போல' என்று பாலமும் இருக்கிறது. உவமை. அடுத்தது, "தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு." கேணியும் தெரிகிறது, அறிவும் தெரிகிறது, பாலத்தை மட்டும் எடுத்துவிட்டார். தோண்டத் தோண்ட ஊறும், கற்கக் கற்க ஊறும் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு, சேர்த்துக்கொள்வது உன் வேலை என்று ஒதுங்கிக்கொள்கிறார். எடுத்துக்காட்டு உவமை.

மூன்றாவது, "பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்." இங்கே பிறவி கடல் மாதிரி இல்லை, பிறவியே கடல். உருவகம். ஆனால் பிறவியைக் கடலாக்கியவர் இறைவன் அடியைத் தெப்பமாக்கவில்லை, பாதியில் விட்டுவிட்டார். பாதி உருவகம் என்பதால் ஏகதேச உருவகம். ஏகதேசம் என்றால் ஒரு பகுதி, அவ்வளவுதான். அந்த வடசொல்லைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்." மயிலிறகுதானே என்று வண்டியில் அளவில்லாமல் ஏற்றினால் அச்சு முறிந்துவிடும். இதில் வண்டி இருக்கிறது, மயிலிறகு இருக்கிறது. மனிதன் எங்கே? காணோம். சின்னப் பகைதானே என்று பல பேரைச் சம்பாதித்துக்கொள்ளும் அரசன் திரைக்குப் பின்னால் நிற்கிறான். இதைத் தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வண்டிக்காரனுக்குச் சொன்ன புத்திமதி என்றே தோன்றும். குறள் இருக்கும் அதிகாரம் 'வலியறிதல்' என்பதுதான் ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுக்கிறது. பூனைக் கதையிலும் அப்படித்தான். மருமகள் அப்போதுதான் எழுந்து வந்தாள் என்று தெரியாத விருந்தாளிக்கு அது வெறும் பூனைத் திட்டு. ஆகவே பிறிது மொழிதலைக் கண்டுபிடிக்கப் பாட்டை மட்டும் பார்த்தால் போதாது. எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று கேட்க வேண்டும்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். மதிமுகம், முகமதி இரண்டில் எது உவமை, எது உருவகம் என்பதில் கல்லூரிப் பிள்ளைகள்கூடத் தடுமாறுவார்கள். மனப்பாடம் வேண்டாம். தமிழில் இரண்டு பெயர்கள் ஒட்டினால் பின்னால் வருவதுதான் ஆள். முன்னால் வருவது அதற்கு அடைமொழி. கைவிளக்கு என்றால் விளக்கு. தெருநாய் என்றால் நாய். அதே கணக்கில் மதிமுகம் என்றால் நீங்கள் முகத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், அது மதி போன்றது. உவமைத்தொகை. முகமதி என்றால் உங்கள் கண்ணெதிரே இருப்பது மதி. முகம்தான் அந்த மதி. உருவகம். மலரடி, அடிமலர் இரண்டையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். ஒருமுறை பிடிபட்டால் பிறகு மறக்காது.

உவமையில் இன்னொரு கேள்வியும் உண்டு: எதில் ஒத்திருக்கிறது? தொல்காப்பியர் உவமவியலைத் தொடங்குவதே "வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்" என்றுதான். செயலா, பயனா, வடிவமா, நிறமா? புலி போலப் பாய்ந்தான் என்றால் செயல். மழை போலக் கொடுத்தான் என்றால் பயன். துடி, அதாவது உடுக்கை போன்ற இடை வடிவம். பவளம் போன்ற வாய் நிறம். இந்த நான்கில் எது என்று கேட்கப் பழகினால் மோசமான உவமைகளும் தானாகப் பிடிபடும். 'நிலா மாதிரி முகம்' என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு வடிவத்தைச் சொல்கிறோமா, நிறத்தைச் சொல்கிறோமா, குளிர்ச்சியைச் சொல்கிறோமா என்றே தெரியாது. அதனால்தான் அந்த உவமை கேட்பவர் காதில் ஒட்டாமல் போகிறது.

தொல்காப்பியர் இந்த இயலை எங்கே வைத்தார் என்பதும் கவனிக்க வேண்டியது. பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களில் ஆறாவது மெய்ப்பாட்டியல்: சிரிப்பு, அழுகை, அச்சம், வியப்பு. அதற்கு அடுத்த ஏழாவது உவமவியல். உணர்ச்சி உடம்பில் எப்படித் தெரிகிறது என்று சொன்ன கையோடு, அது சொல்லில் எப்படித் தெரிகிறது என்று போகிறார். என் பார்வையில் 'அணி' என்ற சொல்தான் பின்னால் வந்தவர்களைக் குழப்பியது. அணி என்றால் நகை. நகை என்றால் கழற்றி வைக்கலாம். மேலே சொன்ன குறள்களில் உவமையைக் கழற்றிப் பாருங்கள், மிச்சம் எதுவும் நிற்காது.

சரி, இரண்டு பொருள் கணக்கில் மிக நுட்பமான இடம் சங்க இலக்கியத்தின் உள்ளுறை. குறுந்தொகையின் எட்டாம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது:

"கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்இல் பெருமொழி கூறித் தம்இல்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே."

பேசுகிறவள் பரத்தை. தலைவனை இவள் மயக்கி வைத்திருக்கிறாள் என்று மனைவி புறம் பேசியதாகக் கேள்விப்பட்டு, மனைவியின் ஆட்கள் காதில் விழும்படி சொல்கிறாள். மேலோட்டமாக முதல் இரண்டு அடி அவன் ஊரின் வருணனை மட்டும்தான்: வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்து உதிரும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊர். ஆனால் மீன் மரம் ஏறவில்லை. பழம் தானாகப் பழுத்தது, தானாக விழுந்தது. மீன் வாயைத் திறந்தது, அவ்வளவுதான். "நான் இழுக்கவில்லை, உன் புருஷன்தான் வந்து விழுந்தான்" என்பதை ஊர் வருணனைக்குள் வைத்துவிட்டாள். 'போல' கிடையாது. இது உவமை என்பதற்கு எந்த அடையாளமும் கிடையாது. யாராவது கேட்டால், மாமரத்தைப் பற்றித்தானே சொன்னேன் என்பாள். அதே பூனைத் தந்திரம்!

அடுத்து அவள் திரையை விலக்கிவிட்டு நேராக உவமை சொல்கிறாள். இங்கே பெரிய பேச்சுப் பேசியவன், வீட்டுக்குப் போனால் கண்ணாடியில் தெரியும் பாவை போல, முன்னால் நிற்பவர் கையைத் தூக்கினால் கையைத் தூக்குகிறான், காலைத் தூக்கினால் காலைத் தூக்குகிறான். யாருக்கு? "தன் புதல்வன் தாய்க்கு." மனைவிக்கு என்று சொல்லவில்லை, காதலிக்கு என்று சொல்லவில்லை, பிள்ளை பெற்றவளுக்கு என்கிறாள். ஆறு அடிக்குள் ஒளித்து ஒரு குத்து, வெளிப்படையாக ஒரு குத்து, ஒரு பெயரை மாற்றிச் சொல்லி மூன்றாவது குத்து. இதை அலங்காரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

தற்குறிப்பேற்ற அணிக்கு இரண்டு பொருள் கணக்கு உதவாது, வேறு சோதனை வேண்டும். இயல்பாக நடக்கும் ஒன்றுக்குக் கவிஞர் தானாக ஒரு காரணம் கற்பிக்கிறாரா என்று பாருங்கள். "நான் ஓடி வர்றதைப் பார்த்துட்டுத்தான் பஸ் வேகமெடுத்துச்சு" என்கிறோமே, அதுதான். பஸ் நேரமானதால் கிளம்பியது. நம்மைப் பார்த்து ஓடியது என்பது நம் வயிற்றெரிச்சல். இதற்கு எல்லாரும் காட்டும் எடுத்துக்காட்டு கொடி. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. இளங்கோ அவை "வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்கிறார்: உள்ளே வராதீர்கள் என்று கை அசைக்கின்றன. கம்பரிலும் இராமன் மிதிலைக்குள் நுழையும்போது கொடிகள் ஆடுகின்றன. அங்கே அந்த நகரம் கொடிகள் என்னும் கைகளை நீட்டி "ஒல்லை வா" என்று அழைக்கிறது, திருமகள் இங்கே இருக்கிறாள், சீக்கிரம் வா என்று. அதே துணி, அதே காற்று. ஒன்று சாவுக்குப் போகிறவனைத் தடுக்கிறது, ஒன்று கல்யாணத்துக்குப் போகிறவனைக் கூப்பிடுகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வகுப்பில் யாரும் இந்த அணியை மறந்து நான் பார்த்ததில்லை.

சொல்லை வைத்து விளையாடுபவை இவ்வளவு ஆழமில்லை, ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஒரே சொல்லோ ஒரே பொருளோ திரும்பத் திரும்ப வந்தால் பின்வருநிலை. "எல்லா விளக்கும் விளக்கல்ல சான்றோர்க்குப் பொய்யா விளக்கே விளக்கு" என்பதில் சொல்லும் பொருளும் ஒன்றாகவே திரும்புகின்றன. "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்று வரும் குறளில் சொல் திரும்புகிறது, பொருள் மாறுகிறது. சொல் மாறிப் பொருள் மட்டும் திரும்புவதும் உண்டு: அவிழ்ந்தன, அலர்ந்தன, நெகிழ்ந்தன, விண்டன, விரிந்தன என்று வரிசையாக வந்தாலும் எல்லாம் பூத்தன என்பதுதான். நிரல்நிறை ரேஷன் கடை வரிசை மாதிரி: "அன்பும் அறனும்" என்று இரண்டு பேர் நிற்க, "பண்பும் பயனும்" அதே வரிசையில் போய்ச் சேரும்.

சிலேடைக்குக் காளமேகத்தை விட்டால் ஆள் இல்லை. பாம்பும் எள்ளும் ஒன்று என்று நிரூபிக்கிறார். "ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேஇரையும்." பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுப் பாம்பாட்டியின் குடத்துக்குள் போகும், ஆடும்போதே சீறும். எள் செக்கில் ஆடி, எண்ணெயாகிக் குடத்துக்குள் போகும், ஆடும்போதே செக்கு இரைச்சல் போடும். "மூடித் திறக்கின் முகங்காட்டும்." கூடையைத் திறந்தால் பாம்பு முகத்தைக் காட்டும், எண்ணெய்க் குடத்தைத் திறந்தால் நம் முகம் அதில் தெரியும். எனக்குப் பிடித்தது பிண்ணாக்கு. எள்ளுக்குப் புண்ணாக்கு, பாம்புக்குப் பிளந்த நாக்கு. இந்தப் பாட்டில் இரண்டு பொருளும் ஒரே சொற்களுக்குள் சேர்ந்து குடியிருக்கின்றன, யாரும் ஒளியவில்லை. பிறிது மொழிதலுக்கும் சிலேடைக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

அணி என்ற தலைப்பில் வராமல், சொல்லிலக்கணத்தில் போய் உட்கார்ந்திருக்கும் உத்திகள் சில உண்டு. தேர்வில் தனித்தனிப் பாடமாக வருவதால் இவையும் அதே குடும்பம் என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. "அடுப்புல இருக்கற பாலை இறக்கு" என்கிறோம். இறக்குவது பாத்திரத்தை. ஆகுபெயர். "ஊரே சிரிச்சுது", "தலைக்கு நூறு ரூபா", "கோட்டையைப் பிடிக்கப் போறாங்க", "ரெண்டு ஜெராக்ஸ் எடு" எல்லாம் அதே வகை. ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகிவருகிறது. உவமையில் ஒப்புமை வேலை செய்கிறது, ஆகுபெயரில் தொடர்பு வேலை செய்கிறது. ஊருக்கும் ஊராருக்கும் எந்த ஒப்புமையும் இல்லை, ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று இருக்கிறது.

"கால் கழுவிட்டு வர்றேன்" என்பது இடக்கரடக்கல், சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் சொல்வது. செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்றால் பாட்டி அடிக்க வருவாரே, 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லச் சொல்வாரே, அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும். மேடைப் பேச்சில் "இதை நாம் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சாளர் பதிலுக்கா காத்திருக்கிறார்? நன்னூல் எட்டு வகை விடைகளில் 'வினாதல்' என்று ஒன்றைச் சொல்கிறது: "சாப்பிட்டாயா?" என்றால் "சாப்பிடாமல் இருப்பேனா?" என்று கேள்வியாலேயே பதில் சொல்வது. கேள்வியின் உருவத்தில் வரும் அழுத்தமான பதில்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, இதைப் படித்து என்ன ஆகும் என்பது. புகழ்வது போலப் பழிப்பதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர். "தேவர் அனையர் கயவர்" என்று குறள் ஆரம்பிக்கும்போது கயவன் ஒரு நொடி மகிழ்ந்துபோவான். "அவருந்தாம் மேவன செய்தொழுக லான்" என்று முடியும்போது தெரியும்: தேவர்களைப் போல இவர்களையும் கேட்க ஆளில்லை, நினைத்ததைச் செய்கிறார்கள். ஆனால் நான் இதற்குச் சொல்ல விரும்பும் எடுத்துக்காட்டு புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானுக்கும் தொண்டைமானுக்கும் பகை. அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிக் காட்டுகிறான். எவ்வளவு ஆயுதம் பார் என்று மிரட்டுவதுதான் நோக்கம். தூது வந்தவர் அங்கே என்ன சொல்ல முடியும்? மோசமாக இருக்கிறது என்றால் அவமதிப்பு. நன்றாக இருக்கிறது என்றால் தோல்வி.

ஔவையார், இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, வலிய காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் உள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன என்கிறார். ஒரு சொல்லும் பொய் இல்லை, ஒரு சொல்லும் பழிப்பு இல்லை. "அவ்வே" என்று அந்தப் பக்கம் திரும்புகிறார்: அவையோ, பகைவரைக் குத்திக் குத்தி முனை முறிந்து, எப்போதும் கொல்லனின் சின்னப் பட்டறையில் கிடக்கின்றன. வீட்டில் இருந்தால் கொடுத்து, இல்லாவிட்டால் இருப்பதைப் பகிர்ந்து உண்ணும் எங்கள் தலைவனின் வேல்கள் அவை. பளபளப்பு என்றால் பயன்படாதது, உடைந்தது என்றால் போருக்குப் போய்வந்தது. இந்த முடிவை ஔவையார் சொல்லவே இல்லை. தொண்டைமானையே சொல்லிக்கொள்ள வைத்துவிட்டார். தன் மாளிகையில் நின்று தன் ஆயுதங்களுக்குக் கிடைத்த பாராட்டைக் கேட்டுக்கொண்டிருப்பவன், பாராட்டியவரை எந்தக் குற்றம் சொல்லித் தண்டிப்பான்?

உங்கள் மகள் நாளை அலுவலகத்தில் மேலாளருக்குப் பதில் எழுதும்போதும், ஒரு தலைவர் மேடையில் தன்னை எங்கே இழுத்துப் போகிறார் என்று கவனிக்கும்போதும், ஒரு விளம்பரம் ஒப்பிடக் கூடாததை ஒப்பிடும்போதும், இரண்டு பொருளில் எது மேடையில், எது திரைக்குப் பின்னால் என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

தேர்வுக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அணியின் பெயர், இலக்கணம், பாடலின் பொருள், பொருத்தம் என்று நான்கு பகுதியாக எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் கடைசிப் பகுதியைத் தவறவிட்டு மதிப்பெண் இழக்கிறார்கள். "உவமை: தோண்டிய அளவுக்கு நீர் ஊறும் மணற்கேணி. உவமேயம்: கற்ற அளவுக்குப் பெருகும் அறிவு. உவம உருபு: மறைந்து வந்துள்ளது." இந்த மூன்று வரியைத் தனித்தனியாக எழுதினால் போதும். இலக்கணத்தில் ஒரு சொல் முன்பின் ஆனாலும், விடைத்தாள் திருத்துகிறவருக்கு இந்தப் பெண் புரிந்துதான் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்துவிடும்.